மழையோ வெயிலோ, மிதித்துத்தான் ஆக வேண்டும்!

*சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நம் நகரங்கள் என்ன செய்து வைத்திருக்கின்றன?*

காலை ஐந்தரை மணி. ராத்திரி பிடித்த ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. சென்னையை ஒட்டிய ஆவடிப் பக்கமிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டை நோக்கி சி.டி.எச். சாலையில் ஒரு சைக்கிள் வருகிறது. ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை ஒரு பக்கம் கிழித்து, தலையில் கொங்காணி மாதிரி கவிழ்த்திருக்கிறார். பேன்ட் முழங்கால் வரை சுருண்டிருக்கிறது. செருப்பு ஹேண்டில்பாரில் தொங்குகிறது. சீட்டுக்கு ஒரு ஜவுளிக்கடைப் பை. கேரியரில் டிபன் பாக்ஸும் மாற்றுச் சட்டையும் இரண்டு கவர் போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. செல்போனும் கம்பெனி அடையாள அட்டையும் ஒரு பால் கவருக்குள் சுருட்டி, சட்டைப் பையில்.

சாலையின் இடது ஓரம் முழுக்கத் தண்ணீர். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மேன்ஹோல் மூடி ஏறி நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அதற்கேற்ப வளைந்து வளைந்து வருகிறார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, காலை ஊன்றி நின்றுவிடுகிறார். பஸ் கடந்து போனதும் இடுப்பு வரை நனைந்த உடம்போடு மறுபடி பெடலில் கால் வைக்கிறார். ஆறு மணி ஷிஃப்ட். பஞ்சிங் மெஷினுக்கு மழை தெரியாது. தாமதமானால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

இவரைப் போல் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் கேள்வியைக் கேட்டது. விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்து மற்ற வேலைகளுக்குப் போகும் சுமார் 20 கோடிப் பேரில் 2.6 கோடிப் பேர் சைக்கிளில் போனார்கள். நூற்றுக்கு 13 பேர். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் மூன்றையும் சேர்த்தால்கூட 12.7 சதவீதம்தான். காரில் போனவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு டூவீலர் பெருகிவிட்டது, உண்மைதான். அடுத்த கணக்கெடுப்பு 2027இல் வரும்போது சைக்கிளின் பங்கு குறைந்தே இருக்கும். ஆனால் சைக்கிளை விட்டவர்கள் போக மீதி இருப்பவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங் ஊழியர், லேத் பட்டறைத் தொழிலாளி, பேப்பர் போடும் பையன், பூ விற்கும் அம்மா, கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகும் பெரியவர். வானிலையைப் பார்த்து வண்டியை மாற்றிக்கொள்ள இவர்களிடம் இன்னொரு வண்டி கிடையாது.

மழையைவிட வெயில்தான் கொடுமை

சைக்கிளும் வானிலையும் என்றதும் எல்லோருக்கும் மழைதான் ஞாபகம் வரும். சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் சைக்கிள்காரருக்கு எதிரி வெயில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றும் தொழிற்பேட்டைகளில் சங்கு ஊதியது. அன்றும் இவர்கள் மிதித்தார்கள்.

வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக, பெடலில் செலுத்தும் சக்தி அறுபது, எழுபது வாட் இருந்தால் போதும். ஆனால் நம் தசைகள் செலவிடும் சக்தியில் கால் பங்குதான் வேலையாக மாறும். மீதி முக்கால் பங்கு சூடாக உடம்பிலேயே நிற்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ள நமக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். கடலோரச் சென்னையில், தூத்துக்குடியில், நாகப்பட்டினத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காய்வதில்லை. சட்டையை நனைத்துவிட்டு வழிகிறது. 36 டிகிரிச் சென்னை வெயில் 40 டிகிரி வேலூர் வெயிலைவிடச் சில நாள் மோசமாகத் தோன்றுவது இதனால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை சைக்கிளே கொஞ்சம் காற்றைத் தரும். நின்றால்தான் ஆபத்து. நிழலில்லாத சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால், உள்ளே உற்பத்தியான சூடு மொத்தமும் ஒன்றாகத் தலைக்கு ஏறும். தார்ச்சாலை கீழிருந்து சுடும், பக்கத்து பஸ்ஸின் இன்ஜின் பக்கவாட்டில் சுடும். சைக்கிள்காரர்கள் சிவப்பு விளக்கில் நிற்காமல் ஓரமாக நழுவிப் போகிறார்கள் என்று திட்டுகிறோம். அது தவறுதான். ஆனால் அந்தச் சிக்னலில் முன்பு ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்ததா, சாலையை அகலப்படுத்தும்போது அதை வெட்டினார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். மரமிருக்கும் சாலையில் மே மாதத்திலும் மிதிக்கலாம். மரமில்லாத ஆறுவழிச் சாலையில் பிப்ரவரியிலேயே முடியாது.

சாயங்காலம் இன்னொரு சோதனை. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். வீட்டில் இருப்பவருக்கு அது வரம். அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஷிஃப்ட் முடித்து கிழக்கே ராயபுரம், வியாசர்பாடி பக்கம் வீடு திரும்புகிறவருக்கு அது எதிர்க்காற்று. காற்றை எதிர்க்கும் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால்கள் இந்தக் கணக்கை நன்றாக அறியும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் தர அது வழி செய்கிறது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வெப்பத்தால் மயங்கி விழும் சைக்கிள்காரர் பெரும்பாலும் சாலையில்தான் விழுவார். அது விபத்தாகப் பதிவாகிவிடும் வாய்ப்பே அதிகம். வெயில்தான் காரணம் என்று யார் எழுதுவார்கள்?

---

■ வெயிலில் மிதிப்பவர்களுக்கு

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். கிளம்பும் முன்பே தண்ணீர் குடியுங்கள். அதிகம் வியர்ப்பவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். நீர்மோர் அருமையான மருந்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், காலில் சதைப்பிடிப்பு வந்தால் இறங்கி நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ அது வெப்பவாதம். உடம்பை ஈரத்துணியால் துடைத்து, காற்று வரச் செய்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதித்தால், வேலையிடத்தில் இறங்கும்போது பாதி வியர்வை அடங்கியிருக்கும்.

---

மழை விட்டாலும் தண்ணீர் விடாது

மழையில் நனைவதைப் பற்றி சைக்கிளில் போகிறவர்கள் பெரிதாகப் புகார் சொல்வதில்லை. நனைந்தால் காயும். அவர்கள் பயப்படுவது நிற்கும் தண்ணீருக்கு. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை என்று ஒவ்வொரு நவம்பரிலும் டி.வி.யில் ஒரே பெயர்கள் வரும். சுரங்கப்பாதை மூடினால் கார்காரருக்குச் சுற்றுவழி இருக்கிறது. ரயில் தண்டவாளத்தின் அந்தப் பக்கம் வேலை இருக்கும் சைக்கிள்காரருக்கு அதே சுற்றுவழி நாலைந்து கிலோமீட்டர் கூடுதல் மிதி. அல்லது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிள் ஒன்றின் எடை இருபது கிலோ வரை இருக்கும்.

தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் அச்சு வரை மூழ்கினால் சைக்கிளின் ஆயுள் குறைந்தது என்று அர்த்தம். ஹப்புக்குள், பெடல் கட்டைக்குள் இருக்கும் கிரீஸை சாக்கடைத் தண்ணீர் கரைத்துவிடும். ரெண்டு நாளில் பால்ஸ் துருப்பிடித்து, மிதிக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்கும். கோன், கப், பால்ஸ் மாற்றி ஓவராயில் செய்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி போய்விடும். மழைக்காலம் முழுக்க சைக்கிள் கடைகளில் இந்த வேலைதான். அந்தக் கடைகளே குறைந்து வருவது வேறு கதை. பல தெருக்களில் இன்று பஞ்சர் ஒட்டும் கடை டூவீலருக்கு மட்டும்தான். சைக்கிள் என்றால் கையை விரிக்கிறார்கள்.

உடம்புக்கும் விலை உண்டு. ஈரச் செருப்போடு எட்டு மணி நேரம் நின்றால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். பாதத்தில் வெடிப்பு இருப்பவர் வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறலாம். அதிலும் காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் சதை வலித்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போய், வெள்ளத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மருத்துவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

ஊரே முடங்கும் நாட்களில் ஒரு விசித்திரம் நடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாலைகள் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. பஸ்ஸுக்கும் காருக்கும் வழியில்லை. அப்படிப்பட்ட காலைகளில் கிளைகளுக்கு நடுவே நுழைந்து, முடியாத இடத்தில் தூக்கிக் கடந்து, வேலைக்குப் போய்ச் சேர்வது சைக்கிளில் போகிறவர்கள்தான். ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைப்பவர்களும், அபார்ட்மென்ட் மோட்டாரைப் போடுபவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

---

■ நனைந்த பிரேக் பிடிக்காது!

நம் ஊரில் இன்றும் அதிகம் ஓடும் சாதாரண சைக்கிள்களில் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் ரப்பர் கட்டையும்தான் பிரேக். ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்தில் மழையில் நிற்காது. பல மடங்கு தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கை லேசாக விட்டு விட்டுப் பிடித்தால் ரிம்மில் இருக்கும் தண்ணீர் துடைபடும். பிறகு பிடித்தால் பிடிக்கும். முதல் மழை நாளில் சாலையில் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும், அன்று கூடுதல் கவனம் வேண்டும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரயில்வே லெவல் கிராசிங் தண்டவாளம், மூன்றும் ஈரத்தில் வழுக்கும். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் துரு அண்டாது.

---

தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து

வெயிலும் மழையும் கஷ்டம்தான். உயிரைக் கொல்வது பெரும்பாலும் அவை அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் 4,800க்கும் மேல், ஏறத்தாழ 3 சதவீதம். நடந்து போனவர்களையும் சேர்த்தால், எந்த இன்ஜினும் இல்லாமல் சாலைக்கு வந்து உயிரைவிட்டவர்கள் நூற்றுக்கு 22 பேர். இவர்கள் மோதி யாரும் சாவது அரிது. இவர்கள் மீதுதான் மோதுகிறார்கள்.

வானிலை இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மழையில் காரின் கண்ணாடி மங்கலாகும். சைக்கிள்காரர் போட்டிருப்பதோ கறுப்பு ரெயின்கோட் அல்லது சாம்பல் நிறக் கவர். முன்பெல்லாம் சைக்கிளில் டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ் பிடிக்கும்; காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை தந்த காலமும் உண்டு. அந்தத் தொல்லைகள் ஒழிந்தது நல்லதுதான். கூடவே விளக்கும் ஒழிந்துவிட்டது. புதிய சைக்கிள்களில் ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய சைக்கிளில் அது எப்போதோ உடைந்து போயிருக்கும். பின் மட்கார்டில் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரின் விலை ஒரு டீ, வடையைத் தாண்டாது. கம்பெனிகள் தீபாவளிக்குத் தரும் ஸ்வீட் பாக்ஸோடு இதையும் ஒன்று தரலாம்.

சாலையின் இடது ஓரம்தான் சைக்கிளுக்கு என்று நாம் நினைக்கிறோம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், நிறுத்திய ஆட்டோ, கொட்டிய ஜல்லி, திறந்த கார்க் கதவு. இவற்றில் ஒன்றைத் தவிர்க்க அவர் ஓர் அடி வலப்பக்கம் வந்தால், பின்னால் வரும் வண்டி அவருக்கு அந்த ஓர் அடியைத் தர வேண்டும். பெரும்பாலும் தருவதில்லை. மேம்பாலங்கள் இன்னும் மோசம். ஏறும்போது சைக்கிள் நடைவேகத்துக்கு வந்துவிடும். ஒதுங்க ஓரமே இருக்காது.

இதையெல்லாம் மாற்றச் சென்னையிடம் காகிதம் இருக்கிறது. 2006லேயே மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகள் வாகனங்களுக்காக அல்ல, மனிதர்களின் போக்குவரத்துக்காக என்று சொன்னது. 2014இல் சென்னை மாநகராட்சி இன்ஜின் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையே நிறைவேற்றியது; நாட்டிலேயே இதில் முன்னோடி சென்னைதான். போக்குவரத்து பட்ஜெட்டில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றது அந்தக் கொள்கை. அதன் பலனாக நல்ல நடைபாதைகள் வந்தன. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. நடப்பவருக்கு நல்லது நடந்தது, மகிழ்ச்சி. ஆனால் வீட்டிலிருந்து வேலையிடம் வரை ஒருவர் பயமில்லாமல் சைக்கிளில் போகக்கூடிய தொடர்ச்சியான ஒரு பாதை அம்பத்தூருக்கும் இல்லை, கிண்டிக்கும் இல்லை, ஓ.எம்.ஆருக்கும் இல்லை. வாடகை சைக்கிள் திட்டமும் 2019இல் வந்தது. தொழிற்பேட்டைத் தொழிலாளிக்குத் தேவை வாடகை சைக்கிள் அல்ல. அவரிடம் சைக்கிள் இருக்கிறது, சாலைதான் இல்லை. 2008இல் எடுத்த போக்குவரத்து ஆய்வில் சென்னைப் பயணங்களில் சைக்கிளின் பங்கு சுமார் 6 சதவீதம். அம்பத்தூரிலேயே 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இருக்கும் ஊரில் இந்த நிலை.

புதுக்கோட்டையும் யாழ்ப்பாணமும்

சைக்கிளை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது பெரிய பிழை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். வயலில் வேலை செய்தவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள் என்று பெண்கள் திரண்டு கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது அந்தப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள்; பார் இருந்தால் குழந்தையை அதில் உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய் வந்தார்கள். புதுக்கோட்டை வெயில் அன்றும் அதே வெயில்தான். அதற்காக அவர்கள் நிறுத்தவில்லை.

பாக் ஜலசந்திக்கு அப்பால் இன்னொரு பாடம் இருக்கிறது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது அடைபட்டபோது, ஆசிரியரும் வைத்தியரும் அலுவலரும் துவிச்சக்கர வண்டியில்தான் கடமைக்குப் போனார்கள். நோயாளியையும் அதில்தான் ஏற்றினார்கள். 2022இல் இலங்கை முழுக்க பெட்ரோல் வரிசை நீண்டபோது கொழும்பில் கோட் போட்டவர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள், விலை எகிறியது. எரிபொருள் இல்லாமல் போன நாளில் ஒரு சமூகம் கையில் எடுப்பது எதுவோ, அதைச் சாதாரண நாளில் சாலையிலிருந்து துரத்துவது புத்திசாலித்தனமல்ல.

தமிழகத்தில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் இது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள் வீடுகளுக்குள் போகின்றன. பிள்ளை படிப்பு முடித்ததும் அதே சைக்கிளில் அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். இவ்வளவு சைக்கிளை ஒரு கையால் கொடுத்த அரசு, அது ஓட ஒரு பாதையை மறு கையால் கொடுத்திருக்க வேண்டாமா?

பனி கொட்டும் ஊரில் எப்படி?

நம் வெயிலுக்கு இதெல்லாம் ஒத்து வராது என்பவர்கள் உண்டு. அவர்கள் ஃபின்லாந்தின் ஊலு நகரத்தைப் பார்க்க வேண்டும். வட துருவ வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பனி மூடியிருப்பது ஆண்டில் ஐந்து மாதம். அங்கே வேலைக்கும் பள்ளிக்கும் பனியில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பனிக்கால சைக்கிள் பயணத்துக்கென்று சர்வதேச மாநாட்டை 2013இல் முதலில் நடத்திய ஊரும் அதுதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பனி கொட்டிய காலையில் முக்கியமான சைக்கிள் பாதைகளை கார்ச் சாலைக்கு முன்பே சுத்தம் செய்கிறார்கள். மழைக்குப் பேர்போன நெதர்லாந்தில் மொத்தப் பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில்தான். அந்த நாடும் 1970களுக்கு முன் கார்களுக்குச் சாலையைத் திறந்துவிட்டது. 1971இல் மட்டும் 3,000க்கும் அதிகமானோர் சாலையில் இறந்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் சைக்கிள் பாதைகள் வந்தன. அந்தப் பாதைகள் வானத்திலிருந்து விழவில்லை, கேட்டு வாங்கினார்கள்.

உடம்புக்குக் கிடைக்கும் நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் 2.6 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அகால மரண அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. இதய நோய், புற்றுநோய் அபாயங்களும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. அவர்கள் சாலை வேறு, காற்று வேறு, சாப்பாடு வேறு. அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வீடு வீடாக இருக்கும் தமிழகத்தில், தினமும் ஒரு மணி நேரம் மிதிப்பதற்கு நல்ல சாலை போட்டுக் கொடுப்பது சுகாதாரத்துறைச் செலவாகவே பார்க்கத் தக்கது.

கூரை, குழாய், ஒரு பூட்டு

அரசு பாதை போடட்டும். அதுவரை முதலாளிகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனி தன் சைக்கிள் தொழிலாளிக்குச் செய்யக்கூடியவை ரொம்பச் சின்ன விஷயங்கள். கார்களுக்குக் கூரை போட்ட பார்க்கிங் இருக்கும் வளாகங்களில் சைக்கிள்கள் காம்பவுண்ட் சுவரோரம் வெயிலில் சாய்ந்து நிற்கின்றன. எட்டு மணி நேரம் காய்ந்தால் டியூபில் ஒட்டுப்போட்ட சொல்யூஷன் விட்டுப் போகும்; சாயங்காலம் கிளம்பும்போது சக்கரத்தில் காற்று இருக்காது. ஒரு தகரக் கூரை, ஒரு காற்றடிக்கும் பம்ப், கை கால் கழுவ ஒரு குழாய், ஈரத்துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு, மாற்று உடுப்பு வைக்கப் பூட்டு போட்ட ஒரு பெட்டி. பெண் தொழிலாளிகளுக்குக் கதவு மூடும் ஓர் அறை. மே மாதத்தில் ஷிஃப்ட் நேரத்தை மாற்றி வைத்தால் வீடு திரும்பும் நேரமும் உச்சி வெயில் நேரமும் மோதாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட் நாட்களில் அரை மணி தாமதத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒரு வரி எழுதலாம். கடைசியாகச் சொன்ன இதற்குக் காசே செலவாகாது.

ஐ.டி. கம்பெனி ஊழியர்களிலும் கியர் சைக்கிளில் ஆபீஸ் போகத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு சைக்கிள் கடைகளில் ஸ்டாக் இல்லாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். ஹெல்மெட்டும் விளக்கும் வைத்திருக்கும் இவர்களின் குரல் அதிகாரிகளின் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பயணத்துக்குக் கேட்கும் பாதையை, திங்கட்கிழமை காலை தொழிற்பேட்டை வழியிலும் சேர்த்துக் கேட்டால் இரண்டு பேருக்கும் கிடைக்கும்.

---

■ வேலைக்குப் போகும் வழியில் விபத்தா?

இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், அது வேலையிடத்தில் நடந்த விபத்தாகவே கருதப்படும். 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த 51-இ பிரிவு இதற்கு வழி செய்தது. நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு தொடர்புடையவை என்று காட்ட வேண்டும். எந்த வண்டியில் போனார் என்பது பிரச்னையில்லை, சைக்கிளுக்கும் பொருந்தும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள் என்பது 2017 முதல் இருக்கும் விதி. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரை உதவித்தொகை கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு.

மோதிய வண்டி தெரிந்தால் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். மோதிவிட்டு ஓடிப்போனால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் அரசு இழப்பீடு உண்டு. எதற்கும் முதல் தேவை போலீஸ் புகார். சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

---

இந்தப் பெட்டிச் செய்தியில் இருப்பதைத் தெரிந்து வைத்திருக்கும் சைக்கிள் தொழிலாளிகள் வெகு சிலர். ஏஜென்சி மூலம் வேலை பார்க்கும் செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஊழியருக்கும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் காட்டுவார்கள், எண் என்ன, கார்டு எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. விபத்து நடந்த பிறகு தேடினால் கஷ்டம்.

உங்கள் அபார்ட்மென்ட் வாசலில், ஆபீஸ் கேட்டில், கடை முன்னால் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். அதன் சொந்தக்காரரிடம் இந்த வாரம் ஒரு தடவை கேளுங்கள்: இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா? இல்லையென்றால் அசோசியேஷன் செயலாளரிடமும் ஏஜென்சியிடமும் நீங்களே பேசி வாங்கிக் கொடுங்கள். அடுத்த மழை வருவதற்குள் இதைச் செய்து முடித்துவிடலாம்.